செலவு செய்வதா, ஸ்கிராப்புக்குப் போடுவதா?

பட்டறையிலிருந்து எஸ்டிமேட் வந்துவிட்டது. நாற்பதாயிரம், அறுபதாயிரம், சில நேரம் லட்சத்தைத் தொடும் தொகை. வண்டிக்கு வயது பன்னிரண்டோ பதினைந்தோ இருக்கும். "இதைப் போட்டுட்டா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும் சார்" என்கிறார் மெக்கானிக். "அந்தக் காசுக்கு வேற வண்டியே பார்க்கலாமே" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உடனே எதற்கும் தலையாட்ட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் முடிவை நீங்களே எடுத்துவிடலாம்.

எந்த வரிசையில் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். பெரும்பாலானவர்கள் இன்ஜினில் தொடங்குகிறார்கள். அது தவறு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்றிவிடலாம், துரு தின்ற கூட்டை மாற்ற முடியாது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்த்து வெல்டு செய்த ஒரே கூடுதான் வண்டி. சஸ்பென்ஷன், இன்ஜின், சீட் பெல்ட் எல்லாமே அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. எனவே முதலில் கூடு, பிறகு ஆர்.சி., அதன்பின் இன்ஜின், கடைசியில் பணக் கணக்கு.

### தொடங்கும் முன்: உயிர் பாதுகாப்பு

- வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
- ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். டிக்கியில் இருக்கும் ஜாக் டயர் மாற்ற மட்டுமே. துருப்பிடித்த வண்டியில் ஜாக் வைக்கும் இடமே உள்ளே அமுங்கிவிடலாம்.
- சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.
- பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.

குறிப்பு: வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி அடிப்பகுதியைப் பார்ப்பதுதான் நல்ல வழி. கழுவுவதற்கு முன் பார்த்தால் ஆயில் கசிவு தெரியும், கழுவிய பின் பார்த்தால் துரு தெரியும். இரண்டு முறையும் பாருங்கள்.

### முதல் சோதனை: கூடு

ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்குரூடிரைவர், ஒரு சிறு காந்தம் போதும்.

1. உள்ளே மேட்டைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அடியில் துரு வேலை செய்துகொண்டிருக்கிறது.
2. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியையும் ஜாக் வைக்கும் இடத்தையும் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெறும் மேல் துரு. முனை உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது.
3. பானெட்டைத் திறந்து இரு பக்கமும் ஸ்ட்ரட் வந்து போல்ட்டாகும் இடத்தைப் பாருங்கள். விரிசல், தகடு உப்பியிருத்தல், புதிய வெல்டிங் தடம் இருக்கிறதா?
4. லிஃப்ட்டில் இருக்கும்போது லோயர் ஆர்ம், பின் ஆக்சில் ஆகியவை கூட்டில் மாட்டியிருக்கும் இடங்களைத் தட்டிப் பாருங்கள்.
5. அடியில் ஓடும் பிரேக் பைப்புகளை விரலால் தடவுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் உடனே மாற்ற வேண்டும். இது பெரிய செலவில்லை, ஆனால் தள்ளிப்போடக் கூடாத செலவு.
6. கதவின் கீழ் விளிம்பிலும் சக்கர வளைவிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

கதவு, ஃபெண்டர், பானெட் ஆகியவற்றில் துரு என்றால் அது அழகுப் பிரச்சினை, டிங்கரிங்கில் சரியாகிவிடும். சஸ்பென்ஷன் மாட்டும் இடத்திலோ, கதவுக்குக் கீழ்ப் பெட்டியிலோ, தூண்களின் அடியிலோ தகடு ஓட்டையானால் கதை வேறு. அங்கே ஒரு பேட்ச் வைத்துப் பற்றவைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து "முடிஞ்சுது சார்" என்று கொடுத்துவிடுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரு மோதல் நடந்தால் அந்தப் பேட்ச் உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றாது. இந்த நிலையில் உள்ள வண்டிக்குப் பணக் கணக்கே போட வேண்டாம். இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஸ்கிராப் என்றே முடிவு செய்யுங்கள்.

கடலோரத்தில் ஓடிய வண்டிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் உப்புக் காற்று தகட்டை உள்ளிருந்தே தின்னும்.

### வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்திலும் கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் பலர் முதலில் செய்வது சாவியைத் திருகிப் பார்ப்பது. அதைச் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அந்த ஒரு திருகலில் இன்ஜின் இறக்கும் வேலையாகிவிடும். பேட்டரியைக் கழற்றுங்கள், படம் எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள், டோ செய்து கொண்டுபோங்கள்.

தண்ணீர் சக்கர உயரத்தோடு நின்றிருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். டேஷ்போர்டைத் தொட்டிருந்தால் ஒயரிங், கன்ட்ரோல் யூனிட், ஏர்பேக் சென்சார் என்று தொல்லை மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். பத்து வயது தாண்டிய வண்டி என்றால் அதோடு விட்டுவிடுவதே நல்லது. முழு இன்சூரன்ஸ் இருந்து, பழுது செலவு பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் கிளெய்ம் முடிவாவதற்கு முன் சொந்தச் செலவில் வேலையைத் தொடங்காதீர்கள்.

### இரண்டாம் சோதனை: ஆர்.சி.

"பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா உடைச்சே ஆகணும்" என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. தமிழ்நாட்டில் ஓடும் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வயதை வைத்துத் தடை என்பது டெல்லி வட்டாரத்து விவகாரம். 2023 ஏப்ரல் முதல் 15 வயதானால் பதிவு புதுப்பிக்கப்படாது என்ற விதி அரசு வாகனங்களுக்கானது. இந்த வதந்தியைச் சொல்லியே நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

முதல் பதிவிலிருந்து 15 ஆண்டுகள் ஆர்.சி. செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

1. காலாவதியாவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பியுங்கள்.
2. காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 5,000. இருபது வயது தாண்டிய காருக்கு 2025-இல் ரூ. 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி.
3. தாமதித்தால் மாதம் ரூ. 500 கூடும். ஒரு வருஷம் மறந்தால் ரூ. 6,000.
4. போகுமுன் லைட், ஹார்ன், வைப்பர், பிரேக், டயர் எல்லாம் சரியாக இருக்கட்டும். சேசிஸ் நம்பர் படிக்கும்படி இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். துருவில் அந்த எண் மங்கிப்போனால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

கேஸ் கிட் உள்ள வண்டியா? அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டர் என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யும் அழுத்தச் சோதனையின் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

### மூன்றாம் சோதனை: இன்ஜினும் மற்றவையும்

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள்.

1. ஆயில் மூடியைத் திறந்து அடிப்புறம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.
2. ஸ்டார்ட் செய்து பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப் புகை பெரும்பாலும் எரிபொருள் கலவைக் கோளாறு, சின்ன வேலையிலேயே சரியாகலாம்.
3. சூடானதும் ஆயில் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். விட்டுவிட்டுப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.
4. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எண்ணைவிட வித்தியாசமே முக்கியம். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே கோளாறு. "இன்ஜின் போயிடுச்சு" என்று யார் சொன்னாலும், இந்த டெஸ்ட் இல்லாமல் இன்ஜினை இறக்க அனுமதிக்காதீர்கள்.
5. ஓட்டிப் பாருங்கள். வெறிச்சோடிய சாலையில், சீட் பெல்ட்டுடன், மிதமான வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? கியர் தானாக நழுவுகிறதா?

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டுகளையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ கசிவோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

### எஸ்டிமேட்டை இரண்டாகக் கிழியுங்கள்

தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் பேடு, ஷாக் அப்சார்பர், புஷ் போன்ற தேய்மானச் சாமான்களை இடப் பக்கம் எழுதுங்கள். இவை புது வண்டிக்கும் ஒருநாள் வரும். இவற்றுக்காக ஒரு வண்டியை யாரும் கழிக்கக் கூடாது. இன்ஜின் ஓவர்ஹால், கியர்பாக்ஸ், கன்ட்ரோல் யூனிட், கூட்டில் வெல்டிங் ஆகியவை வலப் பக்கம். முடிவைத் தீர்மானிப்பது வலப் பக்கம்தான்.

சாமான் கிடைக்குமா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது, ஆனாலும் அதன் சாமான் சின்ன ஊரிலும் கிடைக்கிறது. செவர்லே 2017 கடைசியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பதை விடுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பணம் தருவதற்கு முன், வேண்டிய சாமானின் இருப்பையும் விலையையும் எழுத்தில் வாங்குங்கள். வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு மாதக்கணக்கில் சாமானுக்குக் காத்திருப்பது கொடுமை.

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற இடங்களில் பழைய சாமான் வாங்கலாம். கதவு, கண்ணாடி, லைட், ஆல்டர்னேட்டர் தாராளமாக. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டவை, சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

குறிப்பு: "இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றால், இறக்குவதற்கு மட்டும் என்ன கூலி, வேலை வேண்டாம் என்றால் எவ்வளவு தர வேண்டும் என்பதை முன்பே பேசிவிடுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திரும்பக் கேளுங்கள். இரண்டாவது பட்டறையில் எஸ்டிமேட் வாங்கும்போது முதல் பட்டறையின் தொகையைச் சொல்லாதீர்கள்.

### கணக்கு: இரண்டு வருஷம், மாதம் எவ்வளவு?

"வண்டி விலையே தொண்ணூறாயிரம், அதுக்கு ஐம்பதாயிரம் செலவா?" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விற்பனை விலையோடு ஒப்பிட்டால் எந்தப் பழைய வண்டிக்கும் செலவு செய்ய முடியாது. அடுத்த இரண்டு வருஷம் இதை வைத்திருந்தால் மாதம் எவ்வளவு, வேறு வண்டி வாங்கினால் மாதம் எவ்வளவு என்றுதான் ஒப்பிட வேண்டும். பழைய வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கணிப்பது வெறும் ஊகம்.

கீழே உள்ளவை முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொண்டால்: பழுது (சஸ்பென்ஷன், கிளட்ச், ரேடியேட்டர், நான்கு டயர்) 49,000. ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, புகைச் சான்று 8,000. இரண்டு வருஷப் பராமரிப்பு 30,000. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 8,000. மொத்தம் 95,000. இன்றைக்கு அப்படியே விற்றால் 45,000 வரும், அதை விடுகிறோம் என்பதால் கூட்டுங்கள். இரண்டு வருஷம் கழித்து 60,000-க்கு விற்கலாம், அதைக் கழியுங்கள். நிகரச் செலவு 80,000. மாதம் சுமார் 3,330.

நான்கு லட்சத்துக்குப் பழைய வண்டி ஒன்று வாங்கினால்: இரண்டு வருஷத்தில் விலைச் சரிவு 80,000. வட்டி 40,000. இன்சூரன்ஸ் 24,000. பராமரிப்பு 16,000. பெயர் மாற்றம், கமிஷன் 10,000. மொத்தம் 1,70,000. மாதம் சுமார் 7,080.

சந்தேகமே வேண்டாம், பழுது பாருங்கள்.

இப்போது அதே வண்டிக்கு இன்ஜின் ஓவர்ஹால் 65,000, தரைத் தகடு வெல்டிங்கும் பெயின்ட்டும் 35,000 சேர்கிறது என்று வையுங்கள். மொத்தச் செலவு 1,95,000. இன்றைய நிலையில் 25,000-க்குத்தான் போகும், பின்னால் 40,000-க்கு மேல் யாரும் தர மாட்டார்கள். நிகரம் 1,80,000. மாதம் 7,500. முடிவு தலைகீழாகிவிட்டது.

மூன்றாவது வரி ஒன்றும் எழுதுங்கள்: கார் இல்லாமலே ஆட்டோ, கால் டாக்ஸி, பஸ் என்று போனால் மாதம் எவ்வளவு? மாதம் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாத குடும்பங்களுக்குப் பல நேரம் இதுவே மலிவு.

ஏற்கெனவே செலவழித்த பணத்தை இந்தத் தாளில் எழுதாதீர்கள். "போன வருஷம்தான் ஏ.சி.க்கு இருபதாயிரம் போட்டேன்" என்பது உண்மைதான். வைத்துக்கொண்டாலும் விட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

எண்கள் அருகருகே வந்தால் பாதுகாப்பை வைத்து முடிவெடுங்கள். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. பழைய வண்டியில் இவை இல்லையென்றால், எவ்வளவு செலவு செய்தாலும் பட்டறையில் அவற்றைச் சேர்க்க முடியாது. குழந்தைகளோடு அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் இதைப் பணத்துக்கு மேலாக வைக்க வேண்டும்.

### ஸ்கிராப் என்று முடிவானால்

காயலாங்கடைக்காரர் வீட்டுக்கே வந்து ரொக்கம் கொடுத்துத் தூக்கிப்போய்விடுவார். சுலபம்தான், ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அந்த நம்பர் பிளேட் வேறொரு வண்டியில் ஏறினால் போலீஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றாகக் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்து அனுப்புவதும் அதே ஆபத்து. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராக இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்கே கொடுங்கள்.

1. கடன் பாக்கி இருந்தால் முடித்து, படிவம் 35 மூலம் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்குங்கள். இ-சலான் அபராதம், வரி பாக்கி எல்லாவற்றையும் கட்டுங்கள்.
2. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து மையத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள், டோ செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். ஒத்த புதிய வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம் என்று ஸ்கிராப் கொள்கை அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்டது. அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.
3. ஃபாஸ்டேக்கை வங்கியில் சொல்லி மூடுங்கள். வண்டிக்குள் இருக்கும் காகிதங்களை எடுத்துவிடுங்கள்.
4. அசல் ஆர்.சி., அடையாளச் சான்று, வங்கி விவரம் கொடுத்து வண்டியை ஒப்படையுங்கள். கிளம்பும் முன் சேசிஸ் எண்ணையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
5. ஒப்படைப்புச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்குக்கும், மாநிலம் தரும் சாலை வரிச் சலுகைக்கும் அதுதான் ஆதாரம். சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை வரிச் சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. வாங்கும் நாளில் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அதன்பின் ஷோரூமில் பேரம் பேசுங்கள்.
6. வண்டி உடைக்கப்பட்ட பின் ஸ்கிராப் சான்றிதழ் தனியாக வரும். அதையும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.
7. முழு இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தால் அது வண்டியுடையதல்ல, உங்களுடையது. கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால் மூன்றாண்டுக்குள் வாங்கும் வண்டிக்குப் பயன்படுத்தலாம். 50 சதவீதம் வரை தள்ளுபடி தரும் இந்தக் கடிதத்தைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வண்டி போன சில வாரங்களில் பரிவாகன் தளத்தில் உங்கள் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு ரத்தானதாகக் காட்டவில்லையென்றால் இரண்டு சான்றிதழ்களின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அது ரத்தாகும்வரை, சட்டத்தின் கண்ணில் அந்தக் காருக்கு நீங்கள்தான் உரிமையாளர்.